பிடிஎஃப் படிவத்தை நிரப்ப எந்தக் கட்டற்ற மென்பொருள்? நிரப்புவது சரி, சேமித்தது நிற்கிறதா?

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அத்தை போன வருடம் வீடு மாறினார். காப்பீட்டுக்கு முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டும். நான்தான் கணினியில் உட்கார்ந்து நிரப்பி, சேமித்து, அத்தையின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பி வைத்தேன். மூன்றாம் நாள் அத்தைக்குத் தொலைபேசி வந்தது. "அம்மா, நீங்க அனுப்பின ஃபாரம் காலியா இருக்கே, ஒண்ணுமே எழுதலையே." அத்தை பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். என் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பெயர், கதவு எண், பின்கோடு எல்லாம் அழகாக இருந்தது. அதே கோப்பை என் மனைவியின் கைபேசியில், மின்னஞ்சல் செயலிக்குள்ளேயே தட்டித் திறந்தேன். கட்டங்கள் இருந்தன. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

அன்றைக்குத்தான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன். பிடிஎஃப் படிவத்தில் நாம் தட்டுகிற எழுத்து இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும். ஒன்று, கட்டத்தின் மதிப்பு, அதாவது "இந்தக் கட்டத்தில் இன்ன சொல் இருக்கிறது" என்ற தகவல். இன்னொன்று, அதன் தோற்றம், அதாவது அந்தச் சொல்லைப் பக்கத்தில் எப்படி வரைவது என்ற படம். படிவங்களைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் மதிப்பை மட்டும் வைத்துத் தோற்றத்தைத் தானே வரைந்துகொள்ளும். கைபேசியின் சின்ன முன்னோட்டச் செயலிகள் பல அப்படிச் செய்யாது, கோப்பில் படம் இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம்தான். நான் அப்போது வைத்திருந்த மென்பொருள் மதிப்பை எழுதிவிட்டுத் தோற்றத்தை எழுதாமல் விட்டிருந்தது. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நிரப்ப முடிகிறதா என்பதோடு நிற்காமல், சேமித்த கோப்பு அடுத்தவர் கையில் போனதும் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். கீழே எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. மூலநிரல் வெளிப்படையாக இருந்து, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை இருந்தால்தான் கட்டற்றது. அடோபி ரீடர் இலவசம், கட்டற்றது அல்ல. பத்தாம் பதிப்பு வரைக்கும், படிவத்தைச் செய்தவர் தனியாக அனுமதி சேர்த்திருந்தால்தான் அதில் நிரப்பியதைச் சேமிக்கவே முடியும், இல்லாவிட்டால் நிரப்பி அச்சிட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2012-இல் வந்த பதினோராம் பதிப்பில்தான் அந்தக் கட்டுப்பாடு போனது. லினக்ஸுக்கோ 9.5.5 பதிப்போடு 2013-இல் கடையை மூடிவிட்டார்கள். ஒரு நிறுவனம் நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் நிறுத்தும் என்ற நிலைமையில் நம்முடைய வரி, வங்கி, விசா படிவங்களை வைக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதனால்தான் கட்டற்ற மென்பொருளைத் தேடுகிறேன், விலைக்காக மட்டும் இல்லை.

சரி, மென்பொருளுக்குப் போவதற்கு முன்னால் கையில் இருக்கும் படிவம் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள், பாதி முடிவு அதிலேயே வந்துவிடும். முதல் வகை அக்ரோஃபார்ம், 1996-இல் பிடிஎஃப் 1.2 பதிப்போடு வந்தது, பயர்பாக்ஸில் திறந்தால் கட்டங்கள் வெளிர்நீலமாகத் தெரியும், தட்டினால் எழுத வரும். இரண்டாவது எக்ஸ்எஃப்ஏ, 2003-இல் பிடிஎஃப் 1.5-ஓடு வந்தது, 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் இதைக் கைவிட்டுவிட்டார்கள், ஆனாலும் சில அரசு அலுவலகங்கள் இன்னும் விடவில்லை. மூன்றாவது, வெறும் தட்டையான பிடிஎஃப். வேர்டில் கோடு போட்டுச் செய்ததாகவோ காகிதத்தை ஸ்கேன் செய்ததாகவோ இருக்கும், கட்டம் கண்ணுக்குத் தெரியும், கணினிக்கு அது வெறும் கோடு. நம் ஊரில் வங்கியிலும் கல்லூரியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சாளரத்தில், பழகியவர்கள் பாப்ளர் என்ற பிடிஎஃப் நூலகத் தொகுப்போடு வரும் பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால் ஃபார்ம் என்ற வரியிலேயே மூன்றில் எது என்று பதில் வந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது பயர்பாக்ஸ்தான். ஏற்கெனவே கணினியில் இருக்கும், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பிடிஎஃப் காட்டும் பகுதி 2013 முதல் உள்ளேயே இருக்கிறது. கட்டத்தில் தட்டி எழுதுங்கள், பதிவிறக்கக் குறியை அழுத்துங்கள், நிரப்பிய பிரதி தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். அமெரிக்க நிறுவனத்துக்கு இங்கிருந்து வேலை செய்கிறவர்களும், அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்களும் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் கிடைக்கும் அந்தக் கோப்பை இறக்கி பயர்பாக்ஸில் திறந்தால், பெயரிலிருந்து கடைசிவரை தட்டிக்கொண்டே போகலாம். 6ஏ வரியில் நம்முடைய பான் எண். எட்டாம் வரியில் பிறந்த தேதி, அங்கே மாதம் முதலில், நாள் பிறகு, நம் வழக்கத்துக்கு நேர்மாறு, இதில் தவறுகிறவர்கள் அதிகம். பத்து நிமிட வேலை, புதிதாக ஒன்றையும் நிறுவ வேண்டாம்.

தட்டையான படிவத்துக்கும் பயர்பாக்ஸ் கைகொடுக்கும். 2022 அக்டோபரில் வந்த 106-ஆம் பதிப்பிலிருந்து பக்கத்தின் மேலேயே எழுத்து சேர்க்கலாம், கோடு வரையலாம். 119-ஆம் பதிப்பிலிருந்து படம் வைக்கலாம், அதாவது வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து ஒட்டலாம். நாலைந்து இடத்தில் எழுதினால் போதும் என்றால் இதுவே தாராளம். ஆனால் பெயருக்கு ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று இருபது முப்பது கட்டம் போட்ட படிவங்கள் வரும் இல்லையா, அங்கே ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்துக்குள் உட்காரவைப்பதற்குள் பொறுமை போய்விடும். அந்த வகைக்கு அச்சிட்டுப் பேனாவால் எழுதி ஸ்கேன் செய்வதே விரைவு என்று மனமார சொல்கிறேன்.

அடுத்தது ஒக்குலர் என்ற பிடிஎஃப் வாசிப்பு மென்பொருள். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் செய்தது, லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும், விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிறது. படிவம் உள்ள கோப்பைத் திறந்தால் மேலே ஒரு பட்டை வந்து இதில் படிவம் இருக்கிறது, நிரப்ப இங்கே அழுத்துங்கள் என்று சொல்லும். அழுத்தினால் கட்டங்கள் விழித்துக்கொள்ளும். அழுத்தாமலே தட்டிப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டிய பெரிய படிவம், இன்று பாதி நாளை பாதி என்றால், உலாவியைவிட ஒக்குலர் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது சாதாரணக் கோப்புபோல கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் அந்தக் கோப்பிலேயே சேமிக்கிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. பழைய பதிப்புகளில் நிரப்பியது கணினியில் நம் பயனர் கணக்குக்குரிய (ஹோம்) அடைவுக்குள் தனியான ஒரு கோப்பில் போய் உட்காரும், பிடிஎஃப் தொடப்படாமலே இருக்கும், அதை அனுப்பினால் வெற்றுப் படிவம்தான் போகும். 2017 டிசம்பர் வெளியீட்டில் அது மாறியது. இன்னமும் பழைய லினக்ஸ் ஓடும் அலுவலகக் கணினியில் வேலை செய்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சான்றிதழோடு கூடிய மின்னணுக் கையொப்பம் போட வேண்டியவர்களுக்கும் ஒக்குலரே சரி, 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. அப்படிக் கையொப்பம் போட்டபிறகு படிவத்தில் ஒரு புள்ளி மாற்றினாலும் சரிபார்ப்பில் சிக்கும். ஆகவே நிரப்பி முடித்து, இரண்டு தடவை படித்துப் பார்த்து, கடைசியாகத்தான் கையொப்பம்.

எவின்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் பிடிஎஃப் வாசிப்பு மென்பொருள்தான், லினக்ஸின் குனோம் மேசைத்தளத்தோடு பல ஆண்டுகளாக வந்தது, இப்போது அதன் இடத்துக்குப் பேப்பர்ஸ் வந்துகொண்டிருக்கிறது. திறந்ததும் நேராகக் கட்டத்தில் எழுதலாம், மூடும்போது "படிவம் நிரப்பியிருக்கிறீர்கள், பிரதி சேமிக்காவிட்டால் போய்விடும்" என்று அதுவே எச்சரிக்கும். எளிமை வேண்டும் என்பவர்களுக்கு நல்லது. ஆனால் ஒரு விஷயம். ஒக்குலர், எவின்ஸ் இரண்டுக்கும் உள்ளே பிடிஎஃப் வேலை செய்வது பாப்ளர் என்ற ஒரே நூலகம். ஒக்குலரில் நிரப்பிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று எவின்ஸில் திறந்து பார்த்து நிம்மதி அடைந்தால் அது உண்மையான சோதனை ஆகாது, ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்ட மாதிரிதான். பயர்பாக்ஸில் திறந்து பார்ப்பதும் போதாது, அதுவும் மதிப்பை வைத்துக் கட்டத்தைத் தானே காட்டிவிடும். நான் இப்போது செய்வது, கோப்பை எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கைபேசியில் முன்னோட்டத்தில் திறப்பது. அலுவலகத்தில் பெறுகிறவரும் பெரும்பாலும் அப்படித்தான் திறக்கப்போகிறார்.

அங்கே வெறுமையாகத் தெரிந்தால்? கியூபிடிஎஃப் என்ற கட்டளைவரிக் கருவி ஒன்று இருக்கிறது. விடுபட்ட தோற்றங்களை உருவாக்கவும், கட்டங்களையெல்லாம் பக்கத்தோடு பக்கமாகப் பதித்துவிடவும் அதில் தனித்தனி விருப்பம் உண்டு. பதித்தபிறகு அது படிவம் இல்லை, அச்சடித்த தாள் மாதிரி, எங்கே திறந்தாலும் தெரியும், யாரும் கட்டத்தில் கைவைத்து மாற்றவும் முடியாது. அத்தையின் படிவத்தை அப்படித்தான் மீட்டு அனுப்பினேன், அன்று மாலையே கிடைத்தது என்று பதில் வந்தது. கட்டளைவரி வேண்டாம் என்பவர்கள் அச்சுப் பெட்டியில் அச்சுப்பொறிக்குப் பதில் "கோப்பாக அச்சிடு" என்று கொடுத்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் சில அலுவலகங்கள் படிவத்திலிருந்து தகவலைக் கணினியாலேயே எடுத்துக்கொள்கின்றன, அவர்களுக்குக் கட்டங்கள் உயிரோடு இருந்தால்தான் ஆகும், அங்கே பதித்து அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பிடிஎஃப் சேமிக்கும்போது பல மென்பொருள்கள் பழைய கோப்பை அழித்து எழுதுவதில்லை, மாற்றத்தை மட்டும் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். அப்படியானால் உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு எண்ணோடு நிரப்பிச் சேமித்த அதே கோப்பில் தம்பியின் விவரத்தை மாற்றி எழுதி அனுப்பினால், திரையில் தம்பியின் விவரம் மட்டும் தெரியும், உங்கள் எண் கோப்பின் வயிற்றுக்குள் அப்படியே இருக்கும், தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் வெற்றுப் படிவத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். மறந்து மாற்றிவிட்டால் கியூபிடிஎஃப் வழியாக ஒரு தடவை விட்டு எடுங்கள், அது கோப்பை முழுவதுமாகத் திரும்ப எழுதுவதால் பழைய மிச்சம் கழன்றுவிடும்.

எக்ஸ்எஃப்ஏ படிவத்தில்தான் கட்டற்ற மென்பொருளின் எல்லை தெரியும். கனடாவில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோரை வரவழைக்கும்போது வருகிற ஐஎம்எம் 5257 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டொரண்டோவில் சொந்தம் இருக்கும் வீடுகளில் இந்த எண் தெரியாமல் இருக்காது. ஒக்குலரிலோ எவின்ஸிலோ திறந்தால் படிவமே வராது, "ப்ளீஸ் வெயிட்" என்று தொடங்கும் ஒரு பக்கம் மட்டும் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்குமேல் ஒன்றும் வராது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்காதீர்கள், பாப்ளருக்கு எக்ஸ்எஃப்ஏ தெரியாது, அவ்வளவுதான். பயர்பாக்ஸ் மட்டும் 2021 அக்டோபரில் வந்த 93-ஆம் பதிப்பு முதல் இந்த வகையைத் திறக்கிறது, பக்கங்கள் தெரியும், எழுதலாம். ஆனால் எக்ஸ்எஃப்ஏ படிவத்துக்குள் இருக்கும் நிரல்களை அது இயக்குவதில்லை. இந்தக் கனடாப் படிவத்திலோ கடைசியில் "வேலிடேட்" பொத்தானை அழுத்தி, விடுபட்டதைச் சரிபார்த்து, பார்கோடு வரவைக்க வேண்டும், அது அந்த நிரலின் வேலை. ஆகவே பயர்பாக்ஸில் படித்துப் பாருங்கள், என்னென்ன விவரம் கேட்கிறார்கள் என்று தாளில் குறித்துத் தயார் செய்யுங்கள், முடிப்பதற்கு அடோபி ரீடர் உள்ள கணினிக்குப் போங்கள். விசா விஷயத்தில் கொள்கைக்காக அப்பா அம்மாவின் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. அலுவலகங்கள்தான் இந்த வகையை விட்டு வெளியே வர வேண்டும்.

சில படிவங்களில் அக்ரோஃபார்ம், எக்ஸ்எஃப்ஏ இரண்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே ஒரு கண்ணி உண்டு. ஒக்குலரில் நிரப்பினால் பழைய வகைக் கட்டத்தில் மட்டும் எழுத்து பதியும், பெறுகிறவர் அடோபியில் திறந்தால் அது எக்ஸ்எஃப்ஏ பகுதியை எடுத்துக் காட்டும், அங்கே வெறுமை. இந்த இரட்டைப் படிவங்களுக்கு பயர்பாக்ஸே பாதுகாப்பு, சேமிக்கும்போது இரண்டு பகுதியிலும் எழுதிவிடும். பிடிஎஃப்டிகே என்ற கட்டளைவரிக் கருவியில் எக்ஸ்எஃப்ஏ பகுதியையே கழற்றிவிடும் விருப்பமும் இருக்கிறது.

பிடிஎஃப்டிகே பெயர் வந்ததால், யாருக்கு அது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலோ சங்கத்திலோ ஒரே படிவத்தை அறுபது பேருக்கு நிரப்புகிறவர்களுக்கு. படிவத்தின் கட்டங்களுக்கு உள்ளே என்ன பெயர் என்று பட்டியல் எடுத்து, விரிதாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தரவுக் கோப்பு செய்து, நிரப்பச் சொன்னால் நொடியில் அறுபதும் தயார். ஒரே ஒரு படிவத்துக்காக இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

தட்டையான படிவம் அடிக்கடி வருகிறதென்றால் சோர்னல் பிளஸ் பிளஸ் நிறுவுங்கள். கையெழுத்துக் குறிப்புக்காகச் செய்த மென்பொருள், பிடிஎஃப் பக்கத்தைப் பின்னணியாக வைத்துக்கொண்டு மேலே எழுத விடும், வரைபலகை இருந்தால் கையெழுத்தையே நேராகப் போடலாம். அப்புறம் சேமிப்பதில் கவனம்: சேமி என்றால் அதன் சொந்த வடிவத்தில் போகும், அது நாளைக்குத் திருத்த நமக்கு. அனுப்புவதற்கு "பிடிஎஃப் ஆக ஏற்றுமதி" கொடுக்க வேண்டும். ஏற்றுமதி செய்த கோப்பில் எல்லாம் பக்கத்தோடு சேர்ந்திருப்பதால் காலியாகத் தெரிந்தது என்ற தொல்லை வராது.

லிப்ரெஆபிஸ் டிராவில் பிடிஎஃபைத் திறந்து எழுதலாம் என்று பலரும் சொல்வார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பிடிஎஃபைப் பிரித்துத் தன் பாணியில் மறுபடி கட்டுகிறது, எழுத்துரு மாறும், வரி நகரும், கட்டத்துக்கு வெளியே சொல் வழியும். தமிழ்ப் படிவத்தில் இன்னும் மோசம். பாமினி, வானவில் காலத்து எழுத்துருக்களில் செய்த படிவங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் படிவத்தின் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறி நிற்கும், அதைச் சேமித்தால் அப்படியேதான் போகும். ஆனால் அதே லிப்ரெஆபிஸின் ரைட்டர், நிரப்பக்கூடிய படிவத்தைப் புதிதாக உருவாக்குவதற்கு மிக நல்ல கருவி. சங்கத்திலோ பள்ளியிலோ படிவம் செய்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், கோடு போட்டு ஸ்கேன் செய்வதை விட்டுவிட்டு, ரைட்டரில் கட்டங்கள் வைத்துப் பிடிஎஃப் படிவமாக ஏற்றுமதி செய்யுங்கள், நிரப்புகிற நூறு பேருக்கு வேலை மிச்சம்.

பிடிஎஃபை ஏற்றினால் நிரப்பித் தருகிறோம் என்னும் இணையதளங்கள் வேண்டவே வேண்டாம். ஆதார் எண், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, கையெழுத்து நான்கும் ஒரே தாளில் இருக்கும் பொருளை யாரென்று தெரியாதவர் கணினிக்கு அனுப்புகிறோம். மேலே சொன்னதெல்லாம் நம் கணினியிலேயே நடக்கிறது.

கடைசியாகத் தமிழில் நிரப்புவது. இதில்தான் எனக்கு மனக்குறை அதிகம். பெரும்பாலான படிவங்களின் கட்டங்களுக்கு ஹெல்வெட்டிகா போன்ற ஆங்கில எழுத்துருவைத்தான் குறித்து வைத்திருப்பார்கள், அதில் தமிழே கிடையாது. நாம் தட்டும்போது திரையில் நன்றாகத் தெரிந்தாலும் சேமித்த கோப்பில் பெட்டி பெட்டியாகவோ வெறுமையாகவோ போகலாம். வேறு எழுத்துருவைத் தேடிப் போட்டுக்கொண்டாலும், எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலை நடக்காவிட்டால் கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மதிப்பில் சரியான தமிழ் இருக்கும், படத்தில் கோளாறு. ஆங்கிலத்தில் நிரப்பலாம் என்று படிவமே அனுமதித்தால் இப்போதைக்கு அதுவே பத்திரம். தமிழில்தான் வேண்டும் என்றால் கட்டங்களைத் தொடாமல் சோர்னல் பிளஸ் பிளஸ்ஸில் மேலே எழுதி ஏற்றுமதி செய்யுங்கள், அது தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது.

நான் சோதனைக்கு வைத்திருக்கும் சொல் அத்தையின் ஊர்ப் பெயர்தான். "கோபிசெட்டிபாளையம்" என்று ஊர் கட்டத்தில் தட்டி, சேமித்து, கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கோ, செ, பா, ளை நான்கும் பிசகாமல் வந்தால் மற்ற கட்டங்களை நிரப்ப ஆரம்பிக்கலாம்.